கம்ப்யூட்டர் தூங்கும்போது மெயின் சுவிட்சை அணைக்கலாமா?

இரவு கடையை அடைக்கும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பூட்டுவது நம் வணிகர்களிடையே நெடுநாளாக உள்ள நல்ல பழக்கம். சாக்கும் அட்டைப்பெட்டியும் எண்ணெய் டின்னும் அடுக்கிய இடத்தில் இரவு முழுவதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பழைய ஒயரிங் உள்ள கட்டடங்களில் இது கட்டாயம் என்றே சொல்வோம். இந்தப் பழக்கத்தை யாரும் விட வேண்டாம்.

ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்த பிறகு, சுவிட்சை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று கூடியிருக்கிறது. அதைச் செய்யாத சில கடைகளில், காலையில் வந்து பார்த்தால் கணக்கு மொத்தமும் காணாமல் போனதுபோலத் தோன்றி, முதலாளிகள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கணக்கு பெரும்பாலும் எங்கும் போவதில்லை. பதற்றத்தில் அன்று நாம் செய்யும் காரியங்களால்தான் நிஜமான நஷ்டம் வருகிறது. அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

நாம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்து, சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகியவர்கள். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு இந்தப் பெட்டியோடு நெருங்கிப் பழக வேண்டியதாயிற்று. பழுது பார்க்க வரும் தம்பிகள் பக்கத்தில் உட்கார்ந்து, துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதைக் கணக்குப்பிள்ளை பாஷையிலேயே எழுதுகிறோம்.

ஒரு கடையில் நடந்தது

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நமக்குத் தெரிந்த ஒரு பருப்பு, எண்ணெய் மொத்தக் கடை. பெயர் வேண்டாம். பில் போடுவதும் இருப்புக் கணக்கும் டேலியில். ஊர்ப்புறச் சில்லறைக் கடைகளின் பாக்கியையும் வசூலையும் மட்டும் முதலாளி எக்செலில் தனிப் பட்டியலாக வைத்திருந்தார். கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று அதைத் திரையின் முகப்பில், அதாவது டெஸ்க்டாப்பில், சேமித்திருந்தார். பில் போடும் பையன் இரவில் வேலை முடிந்ததும் அப்படியே எழுந்து போய்விடுவான். சிறிது நேரத்தில் திரை கருத்துவிடும். அணைந்துவிட்டது என்று நினைத்து முதலாளி மெயினை இறக்குவார். மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. ஒன்றும் ஆகவில்லை.

ஒரு மாதம் 10ஆம் தேதி காலை. மறுநாள் ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள். கம்ப்யூட்டரைப் போட்டால் முகப்பு துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. பாக்கிப் பட்டியல் இல்லை. பேத்தி படம் இல்லை. பில் அடித்தால் காகிதம் வராமல், பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்கவா என்று கேட்கிறது. ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பும் வந்திருக்கிறது. பையன் அதைப் படிக்காமல் மூடிவிட்டான்.

"ஏதோ அப்டேட் ஆயிருக்கு அண்ணாச்சி, சாயங்காலம் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு, புதிதாக ஒரு எக்செல் தாளைத் திறந்து, லைனில் போய் வந்தவர்கள் கொண்டுவந்த அன்றைய வசூலை எல்லாம் அதில் ஏற்றி, வழக்கம்போல் டெஸ்க்டாப்பிலேயே சேமித்தான். முப்பது கடைகளுக்கு மேல் இருக்கும். ஏற்றி முடித்ததும் துண்டுச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டான். அன்று இரவு, காலையில் ஏற்பட்ட பயத்தில், முறையாக ஷட் டவுன் செய்துவிட்டே போனான்.

மறுநாள் காலை அந்தப் புதுத் தாள் இல்லை. பழைய பாக்கிப் பட்டியல் இரண்டு நாளில் முழுசாகக் கிடைத்துவிட்டது. அந்த ஒரு நாள் வசூல் மட்டும் திரும்பவே இல்லை. கல்லாவில் பணம் இருக்கிறது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது இல்லை. ஒவ்வொரு கடையாகப் போன் செய்து கேட்க வேண்டி வந்தது. பெரும்பாலோர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். இருபது வருடமாகச் சரக்கு எடுக்கும் ஒருவர் மட்டும், "குடுத்த காசுக்குத் திரும்பக் கணக்குக் கேக்கிறீங்களா அண்ணாச்சி?" என்றாராம். கொடுத்தவரிடம் இன்னொரு முறை கேட்பதைப் போன்ற சங்கடம் நம் தொழிலில் வேறு கிடையாது. பணம் நஷ்டமானாலும் தாங்கலாம்.

பெட்டியும் சாவியும்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கணக்குப்பெட்டி உண்டு. யூசர் புரொஃபைல் என்று அதற்குப் பெயர். சி டிரைவில் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டரைத் திறந்தால், நாம் எந்தப் பெயரில் நுழைகிறோமோ அந்தப் பெயரில், அல்லது அதன் சுருக்கத்தில், ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுதான் நம் பெட்டி. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாம் அதற்குள்தான். திரையின் முகப்பில் தெரிவதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அவையும் இந்த ஃபோல்டருக்குள் இருப்பவையே.

இந்தப் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்த கோப்பு ஒன்று உண்டு. என்.டி.யூசர்.டாட் என்று பெயர். நமக்கு எந்தப் பிரிண்டர், தமிழ் விசைப்பலகை எது, முகப்பில் எந்தப் படம் என்பதுபோன்ற நம் பழக்கவழக்கம் முழுவதும் அதில் எழுதியிருக்கும். பெட்டிக்கு இது சாவி மாதிரி. நாம் உள்ளே நுழையும்போது விண்டோஸ் இதைத் திறக்கிறது. வேலை நடக்கும் நேரமெல்லாம் திறந்தே வைத்து எழுதிக்கொண்டிருக்கிறது. நாம் சைன் அவுட் செய்யும்போதோ ஷட் டவுன் செய்யும்போதோதான் எழுதி முடித்து ஒழுங்காக மூடி வைக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால்? அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. நாம் முதலில் சிட்டையில் எழுதிப் பிறகு பேரேட்டில் ஏற்றுவதுபோல, இந்தக் கோப்புக்கும் பக்கத்தில் லாக் என்ற துணைக் கோப்புகள் இருக்கின்றன. பேரேடு பாதியில் நின்றால் சிட்டையைப் பார்த்துச் சரி செய்துகொள்ளும். அதனால்தான் மேலே சொன்ன கடையில் மாதக்கணக்காக மெயினை இறக்கியும் ஒன்றும் ஆகவில்லை. ஏதோ ஒரு நாள் சிட்டையும் பேரேடும் சேர்ந்து கெட்டுப்போகும். அல்லது அந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க்கே பழுதாகியிருக்கும். அன்று பெட்டி திறக்காது.

பெட்டி திறக்கவில்லை என்றால் விண்டோஸ் நம்மை வாசலில் நிறுத்துவதில்லை. அன்றைக்கு மட்டும் ஓர் இரவல் மேசை போட்டுக் கொடுக்கிறது. டெம்பரரி புரொஃபைல் என்பது அதுதான். மேசை காலியாக இருக்கும், பிரிண்டர் மாறியிருக்கும், நாமே சேர்த்துக்கொண்ட தமிழ் எழுத்துருக்கூட இல்லாமல் போகலாம். நாம் எழுந்து போனதும் அந்த மேசையை, அதன்மேல் வைத்ததோடு சேர்த்து, விண்டோஸ் அப்புறப்படுத்திவிடும். பையன் மூடிவிட்ட ஆங்கில அறிவிப்பில் இருந்த செய்தியே இதுதான்: உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை, வெளியேறி மீண்டும் நுழைந்தால் பெரும்பாலும் சரியாகும், இப்போது வெளியேறாமல் வேலை செய்தால் இனி உருவாக்கும் கோப்புகள் அழிந்துவிடும். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் சொன்னதுதான் குறை.

தூக்கம் என்பது அணைப்பு அல்ல

விண்டோஸ் எக்ஸ்.பி. இருந்த காலத்தில் ஸ்டாண்ட்பை என்றார்கள். 2007இல் விஸ்டா வந்தபோது அதற்கு ஸ்லீப், தூக்கம் என்று பெயர் வந்தது. திரை கருக்கும், விசிறிச் சத்தம் நிற்கும். பல பெட்டிகளில் முன்பக்க விளக்கு மட்டும் மின்னி மின்னி எரியும். கணக்குப்பிள்ளை பேரேட்டை விரித்தபடியே, பேனாவை மூடாமல், மேசைமேல் தலை சாய்த்துக் கண்ணயர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருந்த எல்லாமும் நினைவகத்தில் அப்படியே இருக்கிறது. அந்த நினைவகம் உயிரோடு இருக்கச் சிறிதளவு மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். நாம் மெயினை இறக்கினால், தூங்குகிறவரின் கீழிருந்து நாற்காலியை உருவிய மாதிரி.

ஹைபர்னேட் என்று இன்னொன்று உண்டு. அதில் நினைவகத்தில் உள்ளதை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுப் பிறகே முழுதாக அணையும். மின்சாரம் போனாலும் பாதகமில்லை. இரண்டையும் சேர்த்த ஹைபிரிட் ஸ்லீப் என்ற ஏற்பாடு பல டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால் மெயினை இறக்கினாலும் தப்பித்துக்கொள்ளலாம். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்பதைப் பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள். இருக்கும் என்று நம்பி மட்டும் இருந்துவிட வேண்டாம்.

மின்தடை ஒன்றுதான் காரணம் என்பதுமில்லை. தூங்கிய கம்ப்யூட்டரை எழுப்பும்போது சில சமயம் திரை கருப்பாகவே இருக்கும். வாசலில் ஐந்து பேர் பில்லுக்கு நிற்பார்கள். பையன் பவர் பொத்தானை விடாமல் அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி போடுவான். மெயினை இறக்கியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திரை வராவிட்டால் ஒரு நிமிடமாவது பொறுக்க வேண்டும். மானிட்டர் சுவிட்சையும் கேபிளையும் பார்க்க வேண்டும். பாதி நேரம் கோளாறு அங்கேதான்.

இன்னொரு நுணுக்கமும் சொல்ல வேண்டும். தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழுந்த கம்ப்யூட்டர், கடவுச்சொல் கேட்டாலும், புதிதாகப் பெட்டியைத் திறப்பதில்லை. விரித்த பேரேட்டிலேயே தொடர்கிறது. ஆகவே கோளாறு அப்போது வெளியே தெரியாமல் இருந்து, அடுத்த முறை ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியவரலாம். 'நேற்று நன்றாகத்தானே இருந்தது' என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

அந்தக் காலை என்ன செய்வது?

முகப்பு காலியாக இருக்கிறது, அறிவிப்பு வருகிறது என்றால் முதல் காரியம், எதையும் டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ சேமிக்காமல் கையைக் கட்டிக்கொள்வது. தெரியாமல் ஏற்கெனவே வேலை செய்துவிட்டால், வெளியேறுவதற்கு முன் அந்தக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இரவல் மேசைமேல் வைத்ததுதான் போகும். பென் டிரைவில் எடுத்ததும் டி டிரைவில் வைத்ததும் போகாது. கீழமாசி வீதிக் கடையில் இந்த ஒரு வரி யாருக்காவது தெரிந்திருந்தால் அந்த முப்பது கடைகளுக்குப் போன் செய்திருக்க வேண்டாம்.

இரவல் மேசையில்தான் இருக்கிறோமா என்று சந்தேகமாக இருந்தால், சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைப் பாருங்கள். உங்கள் பெயர் ஃபோல்டருக்குப் பக்கத்தில் 'டெம்ப்' என்று தொடங்கும் ஃபோல்டர் ஒன்று புதிதாக முளைத்திருந்தால் அதுவேதான். அப்படியே உங்கள் பழைய ஃபோல்டரைத் திறந்து, உள்ளே டெஸ்க்டாப்பைப் பாருங்கள். அனுமதி கேட்டால் கன்டினியூ கொடுங்கள். பாக்கிப் பட்டியல் அங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு வரும் நிம்மதிக்கு விலை கிடையாது. பார்த்த கையோடு அந்த ஃபோல்டரின் கோப்புகளைப் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பழுது பார்ப்பது அதற்குப் பிறகுதான். சில கடைகளில் டெஸ்க்டாப் ஒன்டிரைவோடு இணைந்திருக்கும். அப்படியானால் உங்கள் பெயர் ஃபோல்டருக்குள் ஒன்டிரைவ் என்ற ஃபோல்டரிலும் பார்க்க வேண்டும்.

அடுத்தது ரீஸ்டார்ட். ஷட் டவுன் கொடுத்துப் போடுவதைவிட ரீஸ்டார்ட் மேல். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற ஏற்பாட்டால், ஷட் டவுன் செய்தாலும் உள்பகுதி ஒன்று ஹைபர்னேட் ஆகிறது. ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் அடியோடு புதிதாகத் தொடங்கும். நுழையும் நேரத்தில் வைரஸ் தடுப்பு நிரல்போல வேறொன்று அந்தச் சாவிக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததால் மட்டுமே பெட்டி திறக்காமல் இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவை ஒன்றிரண்டு ரீஸ்டார்ட்டிலேயே சரியாகிவிடும்.

அப்படியும் சரியாகாவிட்டால் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். வருகிறவர் முதல் வார்த்தையாக "ஃபார்மேட் அடிச்சிரலாம் சார்" என்றால், மரியாதையாக ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறொருவரைக் கூப்பிடுங்கள். இது ஃபார்மேட் செய்ய வேண்டிய கோளாறு அல்ல. அதேபோல், அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் பழைய பயனரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள். அங்கே நீக்கினால் பயனரோடு அவர் பெட்டியும், உள்ளே உள்ள கோப்புகளும் சேர்ந்தே அழியும்.

விஷயம் தெரிந்த தம்பி செய்வது இப்படி இருக்கும். விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில், புரொஃபைல் லிஸ்ட் என்ற பக்கத்தில், எந்தப் பயனருக்கு எந்தப் பெட்டி என்று எழுதியிருக்கும். கோளாறு வந்த அன்று விண்டோஸ் நம் பழைய பதிவின் பெயருக்குப் பின்னால் 'பேக்' என்று ஒரு வால் ஒட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, அதே எண்ணில் இரவல் மேசையை எழுதியிருக்கும். அவர் முதலில் பதிவேட்டைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, இரவல் பதிவை நகர்த்தி, வாலை எடுத்து, பழைய பதிவைத் தன் இடத்தில் வைப்பார். சாவிக் கோப்பு நன்றாக இருந்தால் ரீஸ்டார்ட் செய்ததும் பழைய முகப்பு அப்படியே வந்துவிடும். இதை நாமே செய்து பார்க்க வேண்டாம். அந்தப் பதிவேட்டில் ஒரு வரி மாறினாலும் வேறு தொல்லை வரும். அவர் பிரதி எடுத்துவிட்டுத் தொடங்குகிறாரா என்று மட்டும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

சாவிக் கோப்பே கெட்டிருந்தால் வாலை எடுத்தும் பயனில்லை. அப்போது புதிதாக ஒரு பயனரை உருவாக்கி, பழைய பெட்டியிலிருந்து கோப்புகளை அதற்குள் கொண்டுபோக வேண்டும். பழையவர், புதியவர் இருவர் பெயரிலும் இல்லாமல், நிர்வாகி உரிமையுள்ள மூன்றாவது ஒரு பெயரில் நுழைந்து இதைச் செய்வது முறை. என்.டி.யூசர் என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் விட்டுவிட வேண்டும். அவற்றையும் சேர்த்துக் கொண்டுபோனால், அழுகிய உருளைக்கிழங்கைப் புது மூட்டையில் போட்ட கதைதான். இதற்காகவே ஒவ்வொரு கடைக் கம்ப்யூட்டரிலும் நிர்வாகி உரிமையுள்ள இரண்டாவது பயனர் ஒருவரை இப்போதே உருவாக்கி, கடவுச்சொல்லை எழுதி முதலாளி பெட்டகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே நுழையவே முடியாமல் போகும் நாளில் அதுதான் பின்வாசல்.

பழுது நீங்கிய பிறகு, செக் டிஸ்க் ஓட்டி டிஸ்க்கின் நிலையைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் இதே கோளாறு மறுபடி வந்தால், மென்பொருளைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு ஹார்ட் டிஸ்க்கையும் நினைவகத்தையும் சந்தேகப்பட வேண்டும். மிளகாய் வற்றல் தூசியும் மாவுத் தூசியும் பறக்கும் கடைகளில் பெட்டியைத் தரையில் வைத்திருப்பவர்கள் அதை இரண்டடி உயரத்துக்காவது தூக்கி வையுங்கள். சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் பெட்டி திறக்காமல் போவதுண்டு. கல்யாண வீடியோக்களைக் கடைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறோம்.

எது போகும், எது போகாது

டேலி கணக்குப் போய்விடுமோ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். டேலி பிரைமின் கணக்கு, நாம் மாற்றாத வரை, யூசர்ஸ் ஃபோல்டரில் 'பப்ளிக்' என்ற பொதுப் பகுதியில் இருக்கிறது. அது யாருடைய தனிப்பெட்டியும் அல்ல. ஆகவே தனிப் பெட்டி கெட்டாலும் அது கெடாது. இரவல் மேசையில் உட்கார்ந்து போட்ட டேலி பில்கூட நிலைக்கும். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் கணக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும். இன்றே அதைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அதை மாற்றி உங்கள் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தால் திரும்பப் பொது இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

போகக்கூடியது, பிரௌசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள். ஜி.எஸ்.டி. தளம், வங்கி, மின் கட்டணம் எல்லாவற்றுக்கும் 'சேமித்துக்கொள்' என்று அழுத்தி வைத்திருப்போம். அவை அந்தப் பயனரின் அடையாளத்தோடு பூட்டப்பட்டிருக்கும். ஃபோல்டரைப் பிரதி எடுத்துப் புதுப் பயனரிடம் வைத்தாலும் திறக்காது. தாக்கல் செய்ய வேண்டிய நாளில் கடவுச்சொல் தெரியாமல் ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்பதைவிட, ஒரு சிறு நோட்டில் எழுதி வீட்டு பீரோவில் வைப்பது எவ்வளவோ மேல். இந்த விஷயத்தில் நம் பழைய வழி தோற்கவில்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 36ஆம் பிரிவின்படி, அந்தந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருந்தால் முறையான நகல் இருக்க வேண்டும், விபத்தில் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. 'கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது' என்ற பதிலை அதிகாரி ஏற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு பென் டிரைவ் வாங்கி, ஒரு நாள் இது, மறுநாள் அது என்று மாற்றி மாற்றி நகல் எடுத்து, ஒன்றை எப்போதும் வீட்டில் வைத்தால் போதும். செலவு ஒரு டின் எண்ணெய் விலைகூட ஆகாது. ஒரே பென் டிரைவை இரவும் பகலும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நகல் என்று பெயர் இல்லை.

தூங்கவிடாமல் செய்வது

கடை டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் தூங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது நம் அபிப்பிராயம். மின்சாரம் மிச்சம் என்பார்கள். திரையை மட்டும் பத்து நிமிடத்தில் அணையும்படி வைத்தால் ஓரளவு மிச்சம் அதிலேயே கிடைக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில் பவர் என்று இருக்கும். அங்கே ஸ்லீப் என்ற இடத்தில் 'நெவர்' என்று வையுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் 'ஷட் டவுன்' என்று வைத்துவிடுங்கள். அப்புறம் பையன் பொத்தானை ஒரு முறை தட்டினாலும் முறையாகவே அணையும். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிட வேலை. பெரிய விண்டோஸ் மாற்றம் வந்த பிறகு இவை பழையபடி மாறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வதும் நல்லது.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு உள்ளேயே பேட்டரி இருப்பதால் மெயினை இறக்கினாலும் உடனே ஆபத்து இல்லை. பேட்டரி செத்துப்போய், ஒயர் செருகினால் மட்டுமே ஓடும் லேப்டாப்புகள் நம் கடைகளில் நிறைய உண்டு. அவற்றை டெஸ்க்டாப் என்றே கொள்ள வேண்டும்.

யு.பி.எஸ். இருக்கிறதே என்பவர்கள் ஒன்று செய்யுங்கள். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், திறந்திருக்கும் எல்லாவற்றையும் சேமித்து மூடி, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு, யு.பி.எஸ்ஸில் ஒரு மேசை விளக்கைச் செருகி, சுவரில் உள்ள பிளக்கை எடுத்துப் பாருங்கள். விளக்கு பத்து நிமிடம் எரியாவிட்டால் உள்ளே இருக்கும் பேட்டரி போய்விட்டது. 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி அளவுள்ள சிறு பேட்டரிதான் பல கடைகளில் இருப்பது. இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் அது உழைப்பது அபூர்வம். மேலே பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நல்ல யு.பி.எஸ். இருந்தாலும், மெயினை இறக்கிய பிறகு தூங்கும் கம்ப்யூட்டரை இரவு முழுவதும் அது தாங்கும் என்று நினைப்பதும் தவறு. அது நமக்குக் கொடுப்பது முறையாக அணைத்து வைக்கத் தேவையான சில நிமிடங்களை மட்டுமே. மாதப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அன்று காலை கம்ப்யூட்டரைப் போடாமலே பில் புத்தகத்தில் எழுதிப் பிறகு ஏற்றிக்கொள்ளும் கடைகள் நம் பகுதியில் உண்டு. நல்ல வழிதான்.

இன்னும் விண்டோஸ் 10 ஓடும் கடைகள் பல இருக்கின்றன. அதற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. மேலே சொன்ன பழுதும் தீர்வும் அதற்கும் விண்டோஸ் 11க்கும் பொதுவானவை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது, பழைய டிஸ்க்கைக் கடைக்காரரிடம் கழித்துக் கொடுத்துவிடாமல் உறையில் போட்டு, தேதி எழுதி, அந்த ஆண்டின் கணக்குப் புத்தகங்களோடு வையுங்கள்.

கடை அடைக்கும் பையனிடம் இனிமேல் சொல்ல வேண்டிய வரிசை இது: முதலில் டேலியை மூடி நகல் எடு, பிறகு ஷட் டவுன் கொடு, பெட்டியின் முன்பக்க விளக்கு முழுதாக அணைந்ததைப் பார், யு.பி.எஸ்ஸை அணை, அதற்குப் பிறகு மெயினை இறக்கு. விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் அது இன்னும் தூங்கத்தான் செய்கிறது. ஒரு விசையைத் தட்டி எழுப்பி, திரும்பவும் ஷட் டவுன் கொடுக்கச் சொல்லுங்கள். இதைத் தடித்த எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டினால் கண்ணில் படாது. பூட்டுகிற நேரத்தில் எல்லோரும் பார்க்கிற இடம் சுவிட்சுதான்.